வயிற்று வைத்தியத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் அட்டை செல்லும்?

கேள்வி: “அண்ணனுக்கு வயது 54. இரண்டரை ஏக்கரில் முருங்கை வைத்திருக்கிறார். ஆடி மாதத்திலிருந்து மேல்வயிற்றில் எரிச்சல். சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே கல்லு வைத்த மாதிரி இருக்கிறது என்கிறார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது. டவுனில் திட்டத்தின் போர்டு மாட்டியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்து 11,400 ரூபாய் ஆன பிறகு, ‘எண்டோஸ்கோப்பி பார்க்கணும், அதுக்கு அட்டை செல்லாது’ என்று சொல்லிவிட்டார்கள். கிடேரியை விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கட்டினோம். அட்டையை எடுத்துக்கொள்ளும் வயிற்று ஸ்பெஷலிஸ்ட் எங்கே இருக்கிறார்?”

வேடசந்தூர் வட்டாரத்து வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: அட்டையைப் பற்றிப் பேசுமுன் ஒரு விஷயம். கடிதத்தில் எழுதாத ஒரு செய்தியை இந்த வாசகர் தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணனுக்கு இரண்டு முறை மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போயிருக்கிறது. நாற்றமும் வழக்கமானதாக இல்லை. சூட்டு உடம்பு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள். இன்னொன்று, முழங்கால் வலிக்காக மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி, மாதக்கணக்கில் தினமும் போட்டு வந்திருக்கிறார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அண்ணன் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டர் தேடி அலைய வேண்டிய ஆள் இல்லை. மறுநாள் காலையே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆள். தார் போன்ற கறுப்பு மலம் என்றால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்திருக்கலாம் என்று பொருள். வலி மாத்திரைகளில் பல இரைப்பையின் உள்பூச்சைப் புண்ணாக்கக்கூடியவை. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதை வைத்தியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த அண்ணன் இரும்புச்சத்து மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. எடை குறைவும் 54 வயதும் சேர்ந்திருப்பதால், வெறும் புண்தானா வேறு ஏதாவதா என்று எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் எண்டோஸ்கோப்பி கேட்டது சரியான காரியம். அதைச் செய்துகொள்ளப் போன இடமும் போன வரிசையும்தான் தவறிவிட்டன.

இனி அட்டைக்கு வருவோம். “அட்டையை எடுத்துக்கொள்ளும் டாக்டர் யார்?” என்ற கேள்வியோடு கிளம்பினால் பத்துப் பேர் பத்து ஊர் சொல்வார்கள். ஏனென்றால் அட்டை டாக்டரோடு ஒட்டியது கிடையாது. அது மருத்துவமனையோடும், அந்த மருத்துவமனையின் குறிப்பிட்ட துறையோடும், அந்தத் துறையில் செய்யும் குறிப்பிட்ட சிகிச்சையோடும் ஒட்டியது. மூன்றும் பொருந்தினால்தான் அட்டை வேலை செய்யும். ஒரே ஸ்பெஷலிஸ்ட் காலையில் ஓர் ஆஸ்பத்திரியிலும் மாலையில் இன்னோர் ஆஸ்பத்திரியிலும் உட்காருவார். முதல் இடத்தில் அட்டை செல்லும், இரண்டாவது இடத்தில் செல்லாது. டாக்டர் ஒருவர்தான், ஆனால் ஆஸ்பத்திரி வேறு.

விவசாயிகளுக்கு இது புதிய கணக்கு அல்ல. உரக்கடைக்குப் போகிறோம். விதைக்கு ஒரு லைசென்ஸ், உரத்துக்கு ஒன்று, பூச்சிமருந்துக்கு ஒன்று. யூரியா விற்கும் கடை எல்லாமே பூச்சிமருந்து விற்க அனுமதி உள்ள கடை ஆகிவிடாது. காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைகளைச் சேர்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ஓர் ஆஸ்பத்திரி எலும்பு முறிவுக்கும் டயாலிசிஸுக்கும் மட்டும் பதிவாகியிருக்கலாம். வாசலில் மாட்டியிருக்கும் போர்டில் அந்த விவரம் இருக்காது. முதல்வர் படம் போட்ட போர்டைப் பார்த்ததும் எல்லா நோய்க்கும் அட்டை செல்லும் என்று நம்பி உள்ளே போய்விடுகிறார்கள். இதைப் போர்டிலேயே எழுதி வைக்கச் சொன்னால் எத்தனையோ குடும்பங்களுக்கு அலைச்சல் மிஞ்சும். ஏனோ யாரும் அதைச் செய்வதில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்க்கும் கட்டணத்துக்கு இந்தத் திட்டம் கிடையாது. என்ன நோய், அதற்கு என்ன சிகிச்சை என்று முடிவான பிறகு, அந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கி, உள்நோயாளியாகச் சேர்த்துச் செய்யும் வைத்தியத்துக்குத்தான் திட்டத்தின் பெரும் பயன். படுக்கை, டாக்டர் கட்டணம், மருந்து, அறுவை அரங்கு, சாப்பாடு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். சில பரிசோதனைகளும் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் அனுமதி வேண்டும், அதற்கென்று பதிவான இடத்தில்தான் எடுக்க வேண்டும். “வயித்துல என்னமோ பண்ணுது” என்று போய், என்ன வியாதி என்று தேடுகிற கட்டத்தில் ஆகும் செலவுதான் தனியாரிடம் கைக்காசாகப் போகிறது. வேடசந்தூர்க் குடும்பத்தின் 11,400 ரூபாயும் அப்படிப் போனதுதான்.

ஆகவே, வியாதி என்ன என்று தெரிந்துகொள்ளும் வேலையை அரசு மருத்துவமனையில் முடித்துக்கொண்டு, சிகிச்சை எது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அட்டையோடு எங்கே போவது என்று முடிவு செய்வதே லாபமான வரிசை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எதற்கும் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைத்தியம் நடக்கும். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அங்கே பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டலாம். புதிய கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் குடல் நோய்க்கென்று தனித் துறை இருப்பதில்லை. அப்படியானால் அவர்களே பரிந்துரைச் சீட்டு எழுதி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே இரைப்பை குடல் மருத்துவத் துறையும், இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறையும் தனித்தனியாக இருக்கின்றன. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி ஆகியவற்றிலும் இந்தத் துறைகள் உண்டு. ஸ்டான்லியில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே செய்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைதான். அங்கே சேர்ந்தாலும் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டினால் நோயாளிக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. திட்டத்திலிருந்து மருத்துவமனைக்குப் பணம் வரும். வெளியில் வாங்கிவரச் சொல்லும் விலை உயர்ந்த பொருள்களை அந்தப் பணத்தில் வாங்க முடியும். “கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே, அட்டை எதுக்கு” என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் கடைசியில் பிளேட்டுக்கும் ஸ்டென்ட்டுக்கும் வட்டிக்கு வாங்குவது உண்டு. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தனியாரில் அட்டைக்குச் செய்ய மாட்டார்கள்; அது ஏமாற்று இல்லை, திட்டத்தின் விதி.

வயிற்று டாக்டர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு வகை அடங்கியிருக்கிறது. எம்.டி. பொது மருத்துவம் படித்தவர் ஒருவர். எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை படித்தவர் ஒருவர். அதற்கு மேல் மூன்று வருடம் குடல், கல்லீரல், கணையம் என்று படித்து டி.எம். பட்டம் வாங்கியவர் மெடிக்கல் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜிஸ்ட். அதே உறுப்புகளில் அறுவை சிகிச்சைக்கென்று மேற்படிப்பாக எம்.சிஎச். படித்தவர் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜிஸ்ட். டி.என்.பி. என்ற வழியிலும் இதே தகுதி கிடைக்கும்.

எல்லா வயிற்று நோய்க்கும் கடைசி இரண்டு பேரைத் தேடி மதுரைக்கும் கோவைக்கும் ஓட வேண்டியதில்லை. குடல்வால், குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல் ஆகியவற்றைப் பொது அறுவை சிகிச்சை டாக்டரே பார்ப்பார். பித்தப்பைக் கல்லுக்குத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. கல் பித்தக் குழாய்க்குள் இறங்கி மஞ்சள் காமாலை வந்துவிட்டால்தான் நிலைமை மாறும். அப்போது குழாய் வழியாகவே போய் அடைப்பை எடுக்கும் ஸ்பெஷலிஸ்ட் வேண்டும். கல்லீரல் சுருங்கி உணவுக்குழாயில் நரம்பு புடைத்து ரத்த வாந்தி எடுப்பவர்கள், கணைய வீக்கத்தில் திரும்பத் திரும்பப் படுப்பவர்கள், ரத்தமும் சளியுமாக மாதக்கணக்கில் போகிறவர்கள், சோறு விழுங்க முடியாமல் தண்ணீராகவே குடிக்கிறவர்கள், இவர்களுக்குத்தான் ஸ்பெஷலிஸ்ட் கட்டாயம். புற்றுநோய் என்று உறுதியானால் திட்டத்தில் அது வேறு துறையின் கீழ்கூட வரலாம். ஆகவே அப்போது புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பதிவான மருத்துவமனையையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

சரி, தனியாரில்தான் செய்துகொள்ள வேண்டும் என்ற நிலை. அரசு மருத்துவமனையில் வரிசை நீளம், அல்லது பக்கத்தில் அந்தத் துறை இல்லை. அப்போது என்ன செய்வது?

முதல் வேலை போன். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. பேசும்போது “வயித்து ஆஸ்பத்திரி எது” என்று கேட்டால் பதில் பொதுவாகத்தான் வரும். மாவட்டத்தைச் சொல்லி, துறையைச் சொல்லி, சீட்டில் டாக்டர் எழுதிய சிகிச்சையின் பெயரையும் சொல்ல வேண்டும். “திண்டுக்கல், மதுரை மாவட்டங்களில் மெடிக்கல் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜிக்குப் பதிவாகியிருக்கிற மருத்துவமனைகள் எவை? இந்தச் சிகிச்சை அங்கே திட்டத்தில் செய்கிறார்களா?” என்று கேட்டால் ஆள் குழம்பாமல் பட்டியலைப் படிப்பார். ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாவிட்டால் சீட்டை வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பேசச் சொல்லலாம். திட்டத்தின் இணையதளத்திலும் மாவட்ட வாரியாக மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், துறை என்று தேர்ந்தெடுத்துத் தேட முடியும். அந்தத் திட்டத்தின் எண் 14555.

பட்டியலில் பெயர் இருந்தாலும் நேரே ஓ.பி. சீட்டு போட்டுவிடக் கூடாது. பட்டியலிலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, “காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டருக்குக் கொடுங்கள்” என்று கேட்க வேண்டும். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் அதற்கென்று ஆள் இருப்பார். வரவேற்பில் உட்கார்ந்திருப்பவருக்கு முழு விவரம் தெரிவதில்லை; “வாங்க, பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிடுவார். அந்த ‘பார்த்துக்கலாம்’தான் பலருடைய நகையை அடகுக்குக் கொண்டுபோயிருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவரிடம் நான்கு விஷயம் கேட்டால் போதும். இந்தத் துறை உங்கள் மருத்துவமனையில் திட்டத்தில் இருக்கிறதா? இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா? அனுமதிக்கு முன் எடுக்கச் சொல்லும் பரிசோதனைக்கு யார் பணம் கட்ட வேண்டும்? அந்த ஸ்பெஷலிஸ்ட் எந்தக் கிழமை இருப்பார்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் குடல் ஸ்பெஷலிஸ்ட் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளில் போனால் வேறு டாக்டர் பார்த்து, அவர் சில பரிசோதனை எழுதி, ஸ்பெஷலிஸ்ட் வந்ததும் வேறு பரிசோதனை எழுதுவார்.

போகும்போது அட்டை, ரேஷன் கார்டு, நோயாளியின் ஆதார், இதுவரை எடுத்த ரிப்போர்ட் அனைத்தும் ஒரு மஞ்சள் பையில் இருக்க வேண்டும். ஸ்கேன் ஃபிலிமை ரிப்போர்ட் இல்லாமலும், ரிப்போர்ட்டை ஃபிலிம் இல்லாமலும் கொண்டுபோனால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வேடசந்தூர் வாசகரின் குடும்பம் செலவழித்த 11,400 ரூபாயில் ஒரு பகுதியாவது வீண் போகாமல் இருக்க வேண்டுமானால் அந்தக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலும் அவற்றைப் பார்ப்பார்கள்.

அனுமதி கிடைத்து, திட்டத்தில் சேர்த்த பிறகு அந்தச் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால், கொடுப்பதற்கு முன்பே 1800 425 3993-க்குச் சொல்லிவிட வேண்டும். கொடுத்திருந்தால் ரசீது கட்டாயம் வேண்டும். ரசீது இல்லாத புகார் நிற்பது கஷ்டம். மாவட்டத்தில் திட்ட அலுவலர் இருக்கிறார், குறைதீர்க்கும் குழுவுக்குக் கலெக்டர் தலைவர். திங்கட்கிழமை மனுநாளில் பட்டா மனுவோடு மனுவாக இதையும் கொடுக்கலாம். “அட்டை செல்லாது” என்று சொல்லும் இடத்தில், எந்தக் காரணத்தால் என்று ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்வது நல்ல பழக்கம். துறை பதிவாகவில்லையா, சிகிச்சை பட்டியலில் இல்லையா, அட்டையில் கோளாறா என்பது தெரிந்தால்தான் அடுத்து எங்கே போவது என்பது தெரியும். எழுதித் தரச் சொன்னதும் “கொஞ்சம் இருங்க, மறுபடி பார்க்கிறேன்” என்று செல்லாத அட்டை செல்ல ஆரம்பித்த கதைகளும் உண்டு.

கேள்வி: “ரெண்டு ஏக்கர் பட்டா நிலம் இருந்தால் அட்டை கொடுக்க மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? தம்பி அட்டையில் அண்ணன் வைத்தியம் பார்க்கலாமா?”

அரூர் பகுதி வாசகி, தருமபுரி மாவட்டம்.

பதில்: நிலத்துக்கு அளவு கிடையாது, குடும்பத்தின் ஆண்டு வருமானம்தான் கணக்கு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறியது. (இன்றைக்கும் கிராமத்தில் ‘கலைஞர் கார்டு’ என்று சொல்கிறவர்கள் உண்டு, கவுன்ட்டரில் அது புரியும்.) ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்றிருந்த வரம்பை 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அது ஆளுக்கு ஐந்து லட்சம் அல்ல, குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து.

பழைய 72,000 ரூபாய் வரம்பில் தள்ளிவிடப்பட்டு, அதன் பிறகு திரும்பிக்கூடப் பார்க்காத விவசாயக் குடும்பங்கள் நிறைய. அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். வருமானச் சான்றுக்கு முதலில் வி.ஏ.ஓ.வைப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கும் மாதத்தில் இதை முடித்துக்கொள்வது நல்லது. ஆள் படுக்கையில் விழுந்த பிறகு தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் யார் ஓடுவது?

தம்பி அட்டையில் அண்ணன் வைத்தியம் பார்க்க முடியாது. ரேஷன் கார்டு தனித்தனியாக இருந்தால் இரண்டும் தனிக் குடும்பம். கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோர்தான் ஓர் அட்டைக்குள் வருவார்கள். கல்யாணம் ஆன மகன் தனி ரேஷன் கார்டு வாங்கியதும் பழைய அட்டையை நம்பியிருக்கக் கூடாது. அப்பா, அம்மா பெயர் எந்த ரேஷன் கார்டுக்குப் போனது என்பதையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. வயிற்று வலி வரப்போவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான். அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து என்றிருந்தால் அதைச் சரிசெய்யும் இடமும் அதே கலெக்டர் அலுவலக மையம்தான்.

கேள்வி: “ராத்திரி நேரத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தால், அட்டை செல்லும் ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?”

மணப்பாறை பகுதி வாசகர், திருச்சி மாவட்டம்.

பதில்: தேடக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, ரத்த வங்கி உள்ள பக்கத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய்வழியாக எதையும் கொடுக்க வேண்டாம், மோரும் கூடாது. அட்டையை மறுநாள் காலையில் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் போதும். அவசரத்தில் முதலில் வைத்தியம், பிறகு அனுமதி என்பதற்குத் திட்டத்தில் வழி இருக்கிறது. ரத்த வாந்தி, தார் மலத்தோடு தலைசுற்றல், வயிறு பலகை மாதிரி இறுகிப்போதல், காய்ச்சலோடு மஞ்சள் காமாலை, வாயுவும் மலமும் அடைத்து வயிறு உப்பி வாந்தி, இவை எல்லாம் அந்த ராத்திரியே போக வேண்டியவை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்வயிற்றில் இறுக்கம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சு வாங்குதல் என்றால் அது வயிறு அல்லாமலும் இருக்கலாம். ‘கேஸ்’ என்று சோடா குடித்துவிட்டுக் களத்திலேயே படுத்து, மாரடைப்பில் போனவர்கள் இல்லாத ஊர் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமல் வயிற்றுத் தொல்லையாகவே காட்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, அதன் பிறகு வயிற்றைப் பற்றிப் பேசலாம்.

வேடசந்தூர் வாசகரின் அண்ணன் விஷயம்: திண்டுக்கல்லில் காட்டி, சீட்டு வாங்கி, காலை ஐந்தரை மணிப் பஸ்ஸில் மதுரைக்குப் போயிருக்கிறார்கள். ரத்த அளவு 7.8 கிராம்தான் இருந்ததால் உள்நோயாளியாகச் சேர்த்து, ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இரவு முழுக்கப் பட்டினி இருந்து மறுநாள் எண்டோஸ்கோப்பி. இரைப்பையில் புண் இருக்கிறது. கசிவு நின்றுவிட்டது. புண்ணின் ஓரத்திலிருந்து சிறு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கவுன்ட்டரில் அட்டையைக் காட்டியாயிற்று. வலி மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லி, புண் ஆற மருந்து கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி எண்டோஸ்கோப்பிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். புண் முழுதாக ஆறியிருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதில்லையாம். இரைப்பைப் புண்ணில் அது முக்கியம். முருங்கை அறுப்பு நேரம் என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போட அண்ணன் பார்க்கிறார் என்றும், அண்ணி விடுவதாக இல்லை என்றும் தம்பி சொல்கிறார். சதைப் பரிசோதனையின் முடிவு அடுத்த வியாழக்கிழமை வருகிறது.